மாமன் சாடையும் அம்மாவின் விழித்திரையும்: எக்ஸ் வழிக் கண் ஆல்பினிசம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிச் சீமையில் கண் ஆடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?" என்ற கேள்வி முதலில் விழும். "ஆமா" என்று பதில் வருவதும் அரிதில்லை. விசாரணை அந்த ஆமாவோடு நின்றுபோனால் எது கைநழுவும் என்பதைக் காட்டத்தான் இந்த நிகழ்வு. நோய், கண்ணில் மட்டும் நிறமி குறையும் ஆல்பினிசம்; எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. அதைக் காட்டிக்கொடுத்தது 6/6, அதாவது குறையில்லாத, பார்வையுள்ள அம்மாவின் விழித்திரை. பையனின் கண் சொன்னதெல்லாம் அரைச் சாட்சிதான்.

இங்கே வரும் குடும்பம் எந்த ஒரு வீட்டையும் குறிக்காது. இந்த நோயில் வழக்கமாகக் காணும் கூறுகளைக் கோத்துப் பயிற்சிக்காக அமைத்தது. நோயின் இயல்பும் கணக்குகளும் மட்டும் உள்ளபடி.

வந்த விதம்

பையனுக்கு 6 வயது. முக்கூடல் பக்கத்து ஊர். அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார், அப்பாவுக்குக் கொத்து வேலை. கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் மாதத்திலிருந்தே கண் ஆடுவது வீட்டாருக்குத் தெரியும். வெயிலில் இறங்கினால் முகத்தைச் சுளிப்பான். டிவியோடு ஒட்டி உட்காருவான். எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமானால் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வான். இருட்டில் தடுமாற்றம் இல்லை. பால்பல் விழுந்தபோது ரத்தம் சீக்கிரமே அடங்கிவிட்டது. உடம்பில் காரணமில்லாத கன்றல் தடமும் இல்லை. இந்த ரத்த விசாரணையைத் தவிர்க்கக் கூடாது. ஆல்பினிசத்தோடு தட்டணுக் கோளாறும் சேர்ந்து வரும் ஹெர்மான்ஸ்கி-புட்லக் நோய், ஒரு பல் பிடுங்கும்போதுதான் தன்னைக் காட்டும்.

கையில் ஏற்கெனவே இரண்டு சீட்டுகள். ஒன்றில் 'பிறவிக் கண்ணாட்டம், காரணம் தெரியவில்லை' என்று இருந்தது. மற்றதில் 'சொந்தத் திருமணம், ஒடுங்கு மரபு நோயா எனப் பார்க்கவும்' என்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் தோன்றுவது ஒடுங்கு மரபு நோய். அம்மாவின் கண்ணைப் பார்த்ததாக இரண்டிலும் ஒரு வரி கிடையாது. பையனின் தோல் மாநிறம், முடி கறுப்பு. ஆல்பினிசம் என்ற எண்ணமே யாருக்கும் வராததற்கு அதுவே காரணம். வெள்ளைத் தோலும் வெளிறிய முடியும் தோலையும் கண்ணையும் ஒருசேரத் தாக்கும் ஒடுங்கு மரபு வகைக்கு உரியவை. கண்ணை மட்டும் தாக்கும் வகையில் பிள்ளை வீட்டில் மற்றவர்களைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருந்தாலே அதிகம்.

அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். இரண்டாவது சீட்டு பிடித்துக்கொண்டது அந்த உறவை. கூட வந்திருந்த ஆச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்ன ஒரு வார்த்தை எந்தச் சீட்டிலும் ஏறவில்லை: "மாமன் கண்ணு அப்படியே மருமவனுக்கு வந்திருக்கு." அம்மாவின் தம்பிக்கு 27 வயது, கடையம் பக்கம் மாவு மில்லில் வேலை. அவருக்கும் பிறந்ததிலிருந்தே கண் ஆடும். பலகை தெரியாமல் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே கோளாறு, நடுவில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோயின் கையெழுத்து இது. ஊர் அதை 'மாமன் சாடை' என்று வெகுநாளாகவே வாசித்து வருகிறது.

பையனின் கண்

இரு கண்ணும் திறந்தபடி, அவனுக்கு வசதியான தலைத் திருப்பலோடு, கண்ணாடி போட்ட பின் பார்வை 6/24 (கீழ் எண் பெரிதாகப் பெரிதாகப் பார்வை குறைவு). தனித்தனியாகப் பார்த்தால் 6/36. தனித்தனியாகப் பார்க்கும்போது மறு கண்ணைக் கையாலோ அட்டையாலோ மூடக் கூடாது. மூடிய உடனே உள்ளே பதுங்கியிருக்கும் ஆட்டம் கூடி, திறந்த கண்ணின் பார்வை 6/60-க்குச் சரியும். பிள்ளைக்கு இல்லாத குறையைச் சீட்டில் எழுதிவிடுவோம். மறு கண்ணுக்கு முன்னால் +6 லென்ஸ் வைத்து மங்கலாக்கினால் போதும். கிட்டப் பார்வை 10 செ.மீ. தூரத்தில் என்8 (புத்தக எழுத்து அளவு) வரை வாசித்தான். புத்தகத்தை மூக்கோடு சேர்த்துப் பிடிப்பது இவனுக்குக் கெட்ட பழக்கம் அல்ல, அவனுடைய பூதக்கண்ணாடி. பிடுங்கித் தள்ளி வைக்கக் கூடாது.

அடுத்தது சோதனைகளின் வரிசை. அதிகம் சறுக்குவது இங்கேதான். ஐரிஸ் (கண்ணின் நிற வளையம்) வழியாக ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பதை, அதன் நடுத் துளையான பாப்பா விரியும் சொட்டு மருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அறையை முழுதாக இருட்டாக்கி, ஸ்லிட் லாம்ப் நுண்ணோக்கியின் ஒளிக்கற்றையைச் சிறிதாக்கி, பாப்பாவின் நடுவே நேராக விட்டு, திரும்பி வரும் சிவப்பு ஒளி ஐரிஸில் கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். மருந்து விட்ட பிறகு ஐரிஸ் ஓரத்தில் மடிந்து தடித்துவிடும், எதுவும் தெரியாது. பையனுக்குக் கீழ்ப்பாதியில் ஊசி முனை போல இரண்டு மூன்று புள்ளிகள். ஐரோப்பியக் குழந்தைகளின் படத்தில் பார்க்கும் சிவந்த சக்கரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதியைத் தவறவிடுவோம். ஐரிஸின் முன்பக்கத் திசுவில் நிறமி நிறைந்திருப்பதால், பின்பக்கப் படலத்தின் குறை மறைந்துபோகிறது.

கண்ணாடி அளவு பார்க்க, கண்ணின் குவிப்பைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் 1%, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு சொட்டு. கறுத்த ஐரிஸில் மெலனின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை தொடங்கத் தாமதமாகும், விட்டு நீங்கவும் நேரமாகும். 25 நிமிடத்தில் அவசரப்பட்டுப் பார்த்தால் தூரப்பார்வை அளவு குறைவாகவே வரும். 50 நிமிடம் கழித்துப் பார்த்ததில் இரு கண்ணிலும் +3.50, கூடவே −2.75 உருளை (ஒரு திசையில் மட்டும் திருத்தும் லென்ஸ் அளவு), 180 அச்சு. ஆல்பினிசத்தில் இந்தக் கிடை அச்சு உருளை வழக்கமானது. கண்ணாடியால் ஆட்டம் நிற்காது. ஆனால் 6/36, 6/24 ஆவது இவனுக்குப் பெரிய மாற்றம்.

ஃபண்டஸ் (கண்ணின் உள்பின்சுவர்) சற்று வெளிறியிருந்தது, அவ்வளவுதான். ஓரங்களில், விழித்திரைக்குப் பின்னுள்ள படலமான கோராய்டின் ரத்தக் குழாய்கள் வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நடுவே கூர்பார்வைப் பகுதியான மாக்குலாவின் பளிச்சிடல் இல்லை. 'சாதாரணம்' என்று எழுதிவிடக்கூடிய ஃபண்டஸ்தான்.

ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம்) எடுக்கும்போது கருவியின் கண்-பின்தொடர்வை அணைத்துவிட வேண்டும். ஆடும் கண்ணைப் பிடிக்கத் துரத்திக்கொண்டே இருந்து படமே எடுக்காது. பல படங்களைச் சேர்த்துச் சராசரியாக்கும் வசதியையும் குறைத்து, ஒற்றை வேகக் கோடுகளாக இருபது முப்பது எடுத்து, நடுவில் விழுந்ததைப் பொறுக்க வேண்டும். ஆட்டம் குறையும் நிலையில் முகத்தைத் திருப்ப விட்டால் ஐந்து நிமிட வேலை. பையனுக்கு மாக்குலாவின் நடுவே இருக்க வேண்டிய ஃபோவியாப் பள்ளம் இல்லை, கூம்பு செல்களின் வெளித்துண்டு நீளவில்லை, வெளி உட்கரு அடுக்கு மட்டும் நடுவே தடித்திருந்தது. லெஸ்டர் குழுவினர் 2011இல் வெளியிட்ட நான்கு படி வகைப்பாட்டில் இது மூன்றாம் படி. பார்வை இதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்ற கேள்விக்கு ஃபண்டஸைவிட இந்தப் படிதான் நேர்மையாகப் பதில் சொல்லும்.

விஇபி (கண்ணைத் தூண்டும்போது மூளையில் எழும் மின்னலைகளை அளப்பது) பதிவில் ஒரு கண்ணைத் தூண்டியபோது பின்தலையின் ஒரு பக்கம் ஓங்கியது. மறு கண்ணைத் தூண்டியபோது ஏற்றத்தாழ்வு பக்கம் மாறியது. விழித்திரையின் நெற்றிப்பொட்டுப் பக்கத்து நரம்பிழைகளும் எதிர்ப் பக்க மூளைக்குக் கடந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். நிறமியில் வரும் குறை நரம்பின் வழித்தடத்தை எப்படி மாற்றுகிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத புதிர். ஆனால் ஆல்பினிசத்தைக் காரணமில்லாக் கண்ணாட்டத்திலிருந்து பிரிக்க இதைவிட நல்ல தடயம் குறைவு.

அம்மாவின் கண்

அம்மாவுக்கு 29 வயது, 6/6, 6/6. கண்ணாட்டம் இல்லை. "எனக்கு எதுக்கு மருந்து?" என்றுதான் கேட்டார். பாப்பாவை விரிக்க டிராபிகமைடு 0.8%, பினைல்எஃப்ரின் 5% கலவைச் சொட்டு. ஃபண்டஸை அகலமாகக் காட்டும் இண்டைரக்ட் கருவியில் 20 டயாப்டர் லென்ஸ்.

நடுப்பகுதியில் சேற்றில் வண்டி போனபின் சுவரில் தெறித்தது போலப் பழுப்புத் திட்டுகளும், இடையே வெளிறிய திட்டுகளும். ஓரத்துக்குப் போகப் போக அந்தத் திட்டுகள் நீண்டு, நடுவிலிருந்து வெளியே விரியும் கோடுகளாகின்றன. வெளிறிய கோட்டுக்குள் கோராய்டின் குழாய்கள் தெரிகின்றன. அதை ஒட்டிய கறுத்த கோட்டில் ஒன்றும் தெரியவில்லை. எல்லைகள் வெட்டினாற்போல இருந்தன. இரு கண்ணிலும் இதேதான்.

இந்தக் கோலம் வரும் விதம் விழித்திரையின் மரபியலில் மிக அழகான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. விழித்திரைக்குப் பின்னால் ஒற்றைச் செல் தடிமனில் நிறமிப் படலம் ஒன்று இருக்கிறது. அதற்கும் பின்னால் கோராய்டு. இரண்டிலும் மெலனின் உண்டு. ஆனால் பிறப்பிடம் வேறு. நிறமிப் படலம் கண் கிண்ணத்தின் சொந்தச் சுவரிலிருந்தே உருவாகிறது. கருவின் ஐந்தாம் வாரத்தை ஒட்டியே கறுக்கத் தொடங்குகிறது. கோராய்டின் நிறமிச் செல்கள் நரம்பு முகட்டிலிருந்து நடந்து வந்து குடியேறுபவை. அவை கறுப்பது பல வாரங்கள் தள்ளி. ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் ஃபண்டஸின் நிறம் மாறுவது பெரும்பாலும் கோராய்டால்தான். நிறமிப் படலம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கறுப்பு. அதனால்தான் அந்தப் படலத்தில் ஒரு பிழை என்றால், கறுத்த கோராய்டு பின்னால் நின்று அதை நமக்கு மறைக்கிறது.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு மிக இளசாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைக் குலுக்கல் முறையில் அணைத்துவிடுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் அத்தனையும் அதே முடிவைக் காலமெல்லாம் காக்கின்றன. மரபியலாளர் மேரி லயன் 1961இல் முன்வைத்தது இது. இரண்டு வகை நெல்லைக் கலந்து தூவிய நாற்றங்காலை நினைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் எந்த விதை விழுந்ததோ அங்கே அந்தத் தூர்தான் கட்டும். கண் கிண்ணம் வெளிவிளிம்பை நோக்கி வளரும்போது ஒவ்வொரு செல் குடும்பமும் வெளிப்பக்கமாக நீள்கிறது. நடுவில் திட்டு, ஓரத்தில் கோடு என்று வருவது இதனால்தான். நிறமிப் படலச் செல்கள் பிறந்த பின் பெரும்பாலும் பிரிவதில்லை; கருவில் போட்ட கோலம் வயது போனாலும் இடம் மாறாமல் கிடக்கிறது.

பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான். அவனுடைய படலத்தில் எல்லாச் செல்லும் ஒரே பிழையைச் சுமக்கின்றன. எங்கும் ஒரே வெளிறல்; பக்கத்தில் ஒப்பிட நல்ல செல் இல்லாததால் கோலமும் இல்லை. தோலையும் தாக்கும் ஒடுங்கு மரபு வகையில் பெற்றோரின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நல்ல நகல் வேலை செய்துகொண்டே இருக்கும். அரை அளவு புரதமே போதும். அவர்கள் கண்ணில் கோலம் விழாது. ஆக, அம்மாவின் கண்ணில் கோலம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வி நோய் எது என்பதோடு, எந்த வழியில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கண் மருத்துவர் எட்வர்டு நெட்டில்ஷிப் 1909இல் இந்த நோயை விவரித்தார். ஹெரால்டு ஃபால்ஸ் 1951இல், லயனுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, பிழையுள்ள எக்ஸைச் சுமந்தும் நோயில்லாத கடத்திப் பெண்களின் ஃபண்டஸ் மாற்றத்தைப் பதிவு செய்தார். கோலத்தைப் பார்த்துவிட்டார்கள், அதன் காரணம் பின்னால்தான் வந்தது.

இந்தக் கோலத்தைத் தவறவிடும் வழிகள் பல. டைரக்ட் ஆஃப்தல்மோஸ்கோப்பில் விரியாத பாப்பா வழியாகப் பார்த்தால், ஒரு பார்வைக்குச் சில டிகிரிகள்தான் அகப்படும்; ஓரத்துக் கோடுகள் கண்ணிலேயே படாது. இண்டைரக்ட் விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தால் திட்டுகளின் வேறுபாடு கரைந்துபோகும். பாதிக்குக் குறைத்தால்தான் எழும்பும். பச்சை வடிகட்டி ரத்தக் குழாய்க்கும் நரம்பிழைக்கும் உதவும். நிறமிக் கோலத்துக்கு உதவாது. இரு லேசர் நிறத்தில் எடுக்கும் அகலப்படக் கருவிகளில் திரையில் தெரிவது பொய் நிறம். சிவப்பு லேசர் படத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வசதி இருந்தால், சாயம் ஏற்றாமலே ஐசிஜி (கோராய்டுக்கான சாயப்படம்) வடிகட்டியில் 787 நானோமீட்டர் ஒளியில் தன்னொளிர்வுப் படம் எடுக்கலாம். அந்த அலைநீளத்தில் ஒளிர்வது மெலனின். கறுத்த கோராய்டு உள்ளவர்களிலும் கோலம் பளிச்சென்று வரும். வழக்கமான 488 நானோமீட்டர் படம் லிப்போஃபஸின் என்னும் செல் கழிவு நிறமியைக் காட்டும்; இங்கே அது இரண்டாம் பட்சம்.

இதைப் போலவே தோன்றுபவற்றையும் மனதில் வைக்க வேண்டும். பிறவி ரூபெல்லாவின் உப்பும் மிளகும் தூவிய தோற்றம் நுண்மணியாக இருக்கும், கோடாக நீளாது. காதையும் இதயத்தையும் விசாரித்தால் தெளியும். விழித்திரை தேயும் மற்றொரு எக்ஸ் வழி நோயான கோராய்டிரீமியாவின் கடத்திகளுக்கும் இதே குலுக்கலால்தான் கோலம் வருகிறது. ஆனால் அங்கே சிதைந்த செல்கள் சிறுசிறு அழிவுத் தடங்களை விடும், குடும்பத்து ஆண்களுக்கு மாலைக்கண். விழித்திரைச் சிதைவு தரும் ஆர்பிஜிஆர் மரபணுக் கடத்திகளில் பொன்னிறப் பளபளப்பு நடுவிலிருந்து கீற்றுகளாக விரியும். அது நிறமி இல்லை, ஒளித் தெறிப்பு. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் மாலைக்கண் இல்லை. அம்மாவின் நிறமிப் படலத்தில் அழிவும் இல்லை. ஈஆர்ஜி (விழித்திரையின் மின்பதிவு) எடுக்கத் தேவைப்படவில்லை.

இன்னொரு போட்டியாளர் பிறவிக் கண்ணாட்டம் தரும் மரபணுவான எஃப்ஆர்எம்டி7. அதுவும் எக்ஸ் வழி, அதிலும் மாமன் சாடைதான். ஆனால் அதில் ஃபோவியா பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும், விஇபி குறுக்கு ஏற்றத்தாழ்வு இராது, கடத்திப் பெண்களில் கணிசமானோருக்குக் கண்ணே ஆடும், நிறமிக் கோலம் விழாது.

மரபணுச் சோதனையில் ஒரு சறுக்கல்

நோய்க்குக் காரணம் ஜிபிஆர்143 மரபணுவில் வரும் பிழை. அது இருப்பது எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில். 1995இல் இனங்காணப்பட்டது. ஒன்பது எக்ஸான்கள் (புரதக் குறிப்பைத் தாங்கும் துண்டுகள்), 404 அமினோ அமிலங்கள். மெலனின் தயாராகும் மெலனோசோம் பைகளின் சவ்வில் உட்காரும் ஒரு புரதம். அது இல்லாவிட்டால் பைகள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் வீங்கிப் பெருத்துவிடும்.

பையனின் ரத்தம் 3 மி.லி. ஈடிடிஏ குழாயில் எடுத்து, கண் நோய் மரபணுத் தொகுதியாக வரிசைப்படுத்த அனுப்பப்பட்டது. முதல் அறிக்கை: 'நோய்க் காரணமான மாற்றம் எதுவும் இல்லை.' அம்மாவின் கண்ணைப் பார்க்காதவர்கள் இதோடு கோப்பை மூடியிருப்பார்கள். கோலம் இருந்ததால், மூலத் தரவில் ஜிபிஆர்143-க்கு மட்டும் வாசிப்பு ஆழத்தை (ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பதை) திருப்பிப் பார்க்கச் சொல்லப்பட்டது. இரண்டாம் எக்ஸானில் ஒரு வாசிப்பும் இல்லை. எழுத்துப் பிழை தேடும் நிரலுக்கு, பக்கமே கிழிந்திருப்பது கண்ணில் படவில்லை. இந்த மரபணுவில் எக்ஸான் இழப்புகள் பெரும் பங்கு. ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்திலேயே 'இழப்பு, இரட்டிப்பும் பார்க்கவும்' என்று எழுதிவிடுவது நல்லது.

மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் பையனுக்கும் மாமனுக்கும் இரண்டாம் எக்ஸான் பட்டை வரவில்லை. ஒன்றும் மூன்றும் வந்தன. ஒன்றும் மூன்றும் வந்ததைக் காட்டாமல் 'இரண்டு வரவில்லை' என்றால் அது சோதனை தோற்றதற்கும் பொருந்தும். அம்மாவுக்கு இதே பிசிஆர் பயன்படாது. நல்ல எக்ஸிலிருந்து பட்டை வந்து இழப்பை மூடிவிடும். அவருக்கு நகல் எண்ணிக்கையை அளக்கும் எம்எல்பிஏ: இரண்டாம் எக்ஸானின் அளவு 0.5, மற்றவை 1.0. இழப்பு பெரிதாக இருந்து பக்கத்து மரபணுக்களையும் தின்றிருந்தால் மீன் செதில் போன்ற தோல், வாசனை அறியாமை, காது மந்தம் ஆகியவை சேர்ந்து வரலாம். பையனிடம் இவை கேட்டுப் பார்க்கப்பட்டன, இல்லை.

கல்யாணப் பேச்சு

சொந்தத்தில் கட்டியதன்மேல் விழுந்த பழியை முதலில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் உறவாவது அம்மாவின் அப்பா வழியாக. பிழையுள்ள எக்ஸ் வந்ததோ ஆச்சி வழியாக. தவிர, மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டுமே. இந்த நோய்க்கும் அத்தை மகன் கல்யாணத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதைச் சொன்ன நிமிடம் அதுவரை வாயே திறக்காத அப்பா தலைநிமிர்ந்து பேசத் தொடங்குவார். பல வீடுகளில் இது நடக்கும்.

அடுத்து ஆச்சி கேட்டதுதான் இந்த வழக்கின் முடிச்சு. "பொட்டப்புள்ளைக்கு இது வராதுல்லா?" கேள்விக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது: ஆச்சியின் மூத்த மகளுடைய பெண், வயது 20. அவளைத் தாய்மாமனுக்கே, மாவு மில்லில் வேலை பார்க்கும் அதே மாமனுக்கே, கட்டிவைக்க நெடுநாள் பேச்சு. 'எக்ஸ் வழி நோய் ஆண்களுக்குத்தான் வரும்' என்ற புத்தக வரியை அப்படியே ஒப்பித்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். மாமனுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் பிழையுள்ளது. அவர் மகள்கள் ஒருவர் விடாமல் அதைப் பெறுவார்கள். கட்டும் பெண்ணும் கடத்தி என்றால், மகள்களில் பாதிப் பேருக்கு இரண்டு எக்ஸிலும் பிழை. மாமனைப் போலவே கண் ஆடும். மகன்களிலும் பாதிப் பேருக்கு. தாய்மாமன் கல்யாணம் நடக்கும் ஊரில் எக்ஸ் வழி நோய் பெண்ணுக்கும் வரும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆச்சி நிச்சயமான கடத்தி. நோயுள்ள மகனும் கடத்தி மகளும் இருக்கிறார்கள். மூத்த மகள் கடத்தியாக இருக்க வாய்ப்பு 2-இல் 1. அவள் பெண்ணுக்கு 4-இல் 1. கடத்திகளில் 80 முதல் 90 சதவீதத்தினருக்குக் கோலம் தெரியும். நடுவே 85 என்று வைத்தால், பெண்ணின் ஃபண்டஸ் சுத்தமாக இருந்தாலும் எஞ்சும் வாய்ப்பு: 0.25 × 0.15 = 0.0375, அதை 0.0375 + 0.75-ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். ஆனால் மூத்த மகளையும் வரவழைத்துப் பார்த்ததில் அவர் ஃபண்டஸிலும் கோலம். கணக்கு தலைகீழானது. பெண்ணின் தொடக்க வாய்ப்பு இப்போது 2-இல் 1. ஃபண்டஸ் சுத்தம் என்றாலும் 0.075 ÷ 0.575, சுமார் 13 சதவீதம். ஒரே ஃபண்டஸ், ஒரே 'சுத்தம்'. தாயைப் பார்த்தபின் அதன் விலை மாறிவிட்டது. பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'பயமில்லை' என்று அனுப்புவது ஏன் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பெண்ணின் ஃபண்டஸ் சுத்தமாகவே இருந்தது. குலுக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நல்ல எக்ஸே எங்கும் விழித்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எனவே 13 சதவீதத்தோடு விடவில்லை. குடும்பத்தின் இழப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதால் ஒற்றை எம்எல்பிஏ போதும். இரண்டாம் எக்ஸான் 1.0. அவள் கடத்தி இல்லை. இந்த முடிவை அவளிடம் தனியாக, அவள் கேட்டபின் சொல்வதுதான் முறை. ஆச்சியிடமோ மாமனிடமோ முதலில் சொல்வது அல்ல. அவள் மாமனைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இந்த நோய் அவள் பிள்ளைகளுக்கு வராது. மாமனைக் கட்டினால் மகள்கள் எல்லோரும் கடத்திகள். ஒடுங்கு மரபு நோய்களுக்கு மாமன்-மருமகள் உறவு தரும் கூடுதல் அபாயம் அப்படியேதான் இருக்கிறது. இந்தச் சோதனை அதற்கு நற்சான்று அல்ல. இதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும், இல்லையேல் 'டாக்டர் சரின்னுட்டாங்க' என்று ஊருக்குள் பரவும்.

அடுத்த பிள்ளை குறித்து அம்மா கேட்டார். ஆண் குழந்தை என்றால் பாதி வாய்ப்பு. எக்ஸ் வழி நோய்களுக்குக் கருவில் சோதிக்க 1994ஆம் ஆண்டுக் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இடம் கொடுக்கிறது, பதிவு பெற்ற மையத்தில் மட்டும். பாலினத்தைச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. கூடவே இந்த நோய் முற்றாது, கண் குருடாகாது, பள்ளி வயதில் பார்வை சற்று ஏறவும் செய்யும் என்பதையும் முன்வைத்தபின்தான் அந்த முடிவுக்குப் போக வேண்டும்.

இன்று செய்யக்கூடியது

முழு அளவுக் கண்ணாடி, வெயிலில் கறுக்கும் லென்ஸோடு, முன்விளிம்புள்ள தொப்பி. முகத்தை வலப்பக்கம் திருப்புகிறான் என்றால் ஆட்டம் குறைவது இடப்பக்கப் பார்வையில். பலகை அவனுக்கு இடப்பக்கம் வரவேண்டும். வகுப்பில் பலகையை நோக்கி உட்காரும்போது வலப்பக்க ஓரம், முதல் பெஞ்சு, ஜன்னலுக்கு முதுகு காட்டி. 'நேரா உட்காரு' என்று தலையைத் திருப்பிவிடாதபடி ஆசிரியைக்குச் சீட்டில் ஒரு வரி. சாய்மேசை, தடித்த எழுத்து, மேலும் இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பலகைக்கு 4 மடங்குக் கைத் தொலைநோக்கி. இரு கண்ணிலும் 6/24 முதல் 6/60 வரையானால் மாற்றுத்திறன் 40 சதவீதமாகக் கணக்காகும். பையனுக்கும் மாமனுக்கும் சான்று கிடைக்கும். மாமன் 27 வயது வரை கண்ணாடியே போட்டதில்லை. அவருக்கு +2.00, −3.00 உருளை, 6/60 ஆக இருந்தது 6/36 ஆனது.

பையனுக்கு 9 வயதில் ஒரு அக்கா. பார்வை 6/6, அதற்குமேல் அவள் கண்ணில் சொட்டு மருந்து விடப்படவில்லை. விட்டுப் பார்த்தால், கோலம் இருந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அது வீட்டுக்கும் தெரிந்துவிடும். சின்ன வயதில் கடத்தி என்ற பெயரை ஒட்டுவதால் அவளுக்கு ஆகப்போகும் நன்மை ஒன்றுமில்லை. இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபண்டஸ் பார்ப்பது சோதனையே அல்ல, வழக்கமான பரிசோதனைதானே என்பார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை ஃபண்டஸ் பார்ப்பதே மரபணுச் சோதனை. கோப்பில் இப்படி எழுதப்பட்டது: 'அக்கா, பார்வை சரி. பாப்பா விரிக்கவில்லை. 18 வயதுக்குப் பின் அவளாகக் கேட்டால் எம்எல்பிஏ, எக்ஸான் 2.'